நான்காம் எதிர்மனுதாரர்

சாலை தோண்ட வந்த இயந்திரம் காலை பதினொன்றேகாலுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தின் இணையக் கேபிளை அறுத்துவிட்டது. இனி அதை யாராவது வந்து ஒட்டவைக்கும்வரை இந்த ஊரில் யாரும் யாருக்கும் நிலம் விற்க முடியாது, வீட்டை எழுதிவைக்க முடியாது, கல்யாணத்தைப் பதிய முடியாது. பதிய வந்த ஜோடி ஒன்று மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் மரபெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. செண்பகவல்லி அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு இழுப்பறையைத் திறந்து அந்தப் பதினான்கு தாள்களை எடுத்தாள். நல்லவேளை, அறுந்தது. இரண்டு நாளாக வீட்டில் வைத்து முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் உயர் நீதிமன்றத்தில் அவள் போட்ட மனு, அதற்கு வந்த தீர்ப்பு. அப்போது அவள் கையில் கிடைத்தது கடைசிப் பக்கம் மட்டும்தான், ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கும்தான். இப்போது வக்கீல் அமலோற்பவம் முழுவதையும் தமிழில் பெயர்த்துச் சிறு புத்தகமாகப் போடப்போகிறார், கருக்கலைப்பு உரிமை பற்றிப் பெண்கள் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ள. "பேரெல்லாம் எடுத்தாச்சும்மா, எல்லா இடத்துலயும் மனுதாரர்னுதான் வரும். ஆனா சங்கதிகள் எல்லாம் சரியான்னு நீதான் பார்த்துச் சொல்லணும். இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் போன மாசம் ஒரு பொண்ணுக்கு உத்தரவு வாங்கினோம். ஒரு தேதி தப்பா இருந்தாப் போதும், மொத்தமும் தப்புன்னு நிக்கிறதுக்கு ஆள் இருக்கு. ஒத்துப் பாக்குறதுதானே உன் வேலை?" என்று சொல்லியிருந்தார். ஆமாம், அதுதான் வேலை. நகல் பிரிவு. காஜா அண்ணன் நகலை ராகமாகப் படிப்பார், அவள் மூலப் பத்திரத்தில் விரல் வைத்துக்கொண்டே போவாள். முடிந்ததும் அடியில் இரண்டு கையெழுத்து. படித்தவர் அவர், ஒப்பிட்டவர் அவள். ஒற்றைக் கையெழுத்தோடு ஒரு நகலும் வெளியே போகாது. இரண்டு மணிக்கு வக்கீலின் ஜூனியர் பெண் வந்து தாள்களை வாங்கிக்கொள்வாள். செண்பகவல்லி பென்சிலைச் சீவினாள், ஏற்கெனவே கூராக இருந்தும்.

முதல் பத்தி. மனுதாரருக்கு வயது இருபத்தாறு. தப்பு, ஆனால் அந்தத் தப்பு நீதிமன்றத்தினுடையதல்ல, ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் ஒன்றாம் தேதியைப் பிறந்தநாளாகப் போட்டுக்கொடுத்த தலைமையாசிரியருடையது. அதை இனித் திருத்தினால் வேலையே போய்விடும், டிக். மனுதாரரின் கணவர் சாலை விபத்தில் இறந்தார். சரி. ஆடி மாசம், வண்டியில் தக்காளி இரண்டு கிலோவோடு, வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு போடாத இடத்தில். தக்காளி நசுங்கவே இல்லை, அதை அன்று யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார்கள், அது நாலு நாளில் அழுகி அவள்தான் கொட்டினாள். தீர்ப்பில் தக்காளி இல்லை. மனுதாரரும் கணவரும் பதினொரு மாதம் இணக்கமாக இல்லறம் நடத்தினர். இணக்கம். பென்சில் நின்றது. சீனிராஜ் கெட்டவன் இல்லை. அவள்மேல் ஒரு தடவைகூடக் கை நீட்டியதில்லை, ஒரு தடவைகூட என்ன வேண்டும் என்று கேட்டதுமில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நாளைக்கு என்ன குழம்பு என்பான். இதற்குப் பேர் இணக்கம் என்றால் இணக்கம்தான், செத்தவனோடு என்ன வழக்கு, டிக். கருவுற்ற நான்காம் மாதத்தில் கணவரை இழந்த மனுதாரர் தாங்கவொண்ணாத துயரில் இருந்தார். இங்கே அவள் ஒரு கேள்விக்குறி போட்டாள், போட்டுவிட்டு அழித்தாள். துயரம் இருந்தது, தாங்கவும் முடிந்தது. தாங்க முடியாதது வேறு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பந்தியில் யாரோ அவள் வயிற்றைப் பார்த்து, "சீனி எங்கயும் போகல, இங்கனதான் இருக்கான்" என்றார்கள். அந்தக் கணம் தனக்கு இது வேண்டாம் என்று தெரிந்தது. பிறந்ததிலிருந்து அவ்வளவு தெளிவாக அவளுக்கு எதுவும் தெரிந்ததில்லை. அந்தத் தெளிவை எந்த நீதிபதியிடம் சொல்லமுடியும், துயரம் என்றால்தான் எழுதிக்கொள்கிறார்கள். அமலோற்பவம் அன்றைக்கே சொன்னார், சட்டத்துல உன் துயரத்துக்கு இடம் இருக்கு வல்லி, உன் தெளிவுக்கு இன்னும் இடம் கட்டல. டிக், அதுவும் டிக்.

மனுதாரர் யாருடைய தூண்டுதலும் இன்றி தானே முடிவெடுத்தார். இதை எழுதியவருக்கு ஒரு கும்பிடு. இந்த ஒரு வரியைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஒப்பிடும்போது இரண்டு விதமாகப் பார்க்கவேண்டும் என்று காஜா அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறார், இருப்பது சரியா என்று ஒரு தடவை, இல்லாதது என்ன என்று ஒரு தடவை, விடுபட்ட வரிதான் பின்னால் வம்பு. இதில் விடுபட்டது நிறைய. நாற்காலி விடுபட்டிருக்கிறது. நீதிபதி முகம் பார்க்காமலே, "அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார். சிவப்பு ரெக்சின் கிழிந்த நாற்காலி, அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள், முழுதாக உட்கார்ந்தால் உரிமை கொண்டாடுவதுபோல் ஆகிவிடுமோ என்று. மறுநாள் வார்டில் கையைப் பிடித்துக்கொண்ட நர்ஸ் விடுபட்டிருக்கிறாள், வலி வந்தபோதெல்லாம், "திட்டுறதுன்னா என்னைத் திட்டு" என்றவள். அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வலியும், அதற்குப் பிறகு வந்த காலி நிசப்தமும், டீயில் நனைத்துச் சாப்பிட்ட பன்னும் விடுபட்டிருக்கின்றன. அழுதாளா என்று கேட்டால் அழுதாள். இரண்டு மூன்று நாள் விடாமல் அழுதாள், ஆனால் ஒரு தடவைகூட ஐயோ தப்புச் செய்துவிட்டோமே என்று அழவில்லை. ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே அறுந்த கேபிளைச் சுற்றி நாலு பேர் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிணற்றில் பாத்திரம் விழுந்ததுபோல. மாலைக்காரப் பெண் ஒரு ரோஜா இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். வல்லி அடுத்த தாளுக்குப் போனாள்.

ஒன்பதாம் பத்தி. கணவரை இழந்த பெண்ணுக்கு இருபத்து நான்கு வாரம் வரை சட்டம் இடமளிக்கிறது. மனுதாரரின் கடைசி மாதவிலக்கின் முதல் நாள் பங்குனிப் பொங்கல் வாரத்து வெள்ளிக்கிழமை. அதன்படி இன்று, புதன்கிழமை, இருபத்து மூன்று வாரமும் ஐந்து நாளும் ஆகிறது. ஸ்கேன் கணக்கு ஒரு வாரம் முன்பின் இருக்கலாம் என மருத்துவர் குழு கூறுவதால் மனுதாரர் சொன்ன தேதியையே இந்நீதிமன்றம் ஏற்கிறது. டிக் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனவள் திரும்பி வந்து அதை அழித்தாள். வெள்ளிக்கிழமை. முதல் நாள், வெள்ளிக்கிழமை. எங்கேயோ இடித்தது. பத்திரத்தில் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் ஒரே ஆளின் பெயரில் இருந்தால் இடிக்குமே, அப்படி. வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்தாள். நன்றாக நினைவிருக்கிறது, சீயக்காய் கண்ணில் போனது. அந்த வீட்டில் தூரமானால் மூன்று நாள் அடுப்படிக்குள் வரக்கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரவேண்டும். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் கணக்கு குளித்த நாளிலிருந்துதான். எப்போ குளிச்சே, எத்தனை நாளாச்சு, இதுதான் கேள்வி, இதுதான் பதில். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண் தேதி கேட்டபோது இவளும் அம்மா சொல்வதுபோல, பாட்டி சொல்வதுபோல, வெள்ளிக்கிழமை என்று சொன்னாள். அந்தப் பெண் அதை முதல் நாள் என்ற கட்டத்தில் எழுதினாள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தூரமானது செவ்வாய்க்கிழமை. பங்குனிப் பொங்கல், முளைப்பாரி தூக்குகிற நாள், புதுமருமகள் தூக்கவேண்டும் என்று பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார்கள், காலையில் எழுந்தால் இப்படி. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்று நாளைக் கூட்டினால், நீதிமன்றத்தில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அந்தப் புதன்கிழமை இருபத்து நான்கு வாரமும் ஒரு நாளும்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் அந்தப்பக்கம். தாண்டிவிட்டால் அது வேறு வழக்கு, வேறு குழு, வாரக்கணக்கில் இழுக்கும், கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம் என்று அமலோற்பவம் அன்றைக்கே எச்சரித்திருந்தார். அப்படி இழுத்திருந்தால் இன்று இந்த மேசையில் இவள் இருந்திருக்கமாட்டாள். மேசையைத் தொட்டுப் பார்த்தாள், இருந்தது. கோந்து டப்பா, நகல் முத்திரை, காஜா அண்ணனின் பாதி தின்ற கடலைமிட்டாய், எல்லாம் இருந்தன. இனி என்ன செய்வது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று இந்த அலுவலகத்தில் பெயர் எடுத்தவள். போன வருஷம் ஒரு சர்வே எண்ணில் ஏழு என்பதை ஒன்று என்று படித்ததைக் கண்டுபிடித்து ஒரு குடும்பத்தின் கிணற்றைக் காப்பாற்றியவள். வெள்ளிக்கிழமையை அடித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை என்று பென்சிலில் எழுதினால் அது உண்மை. எழுதினால் வக்கீல் என்ன செய்வார், நல்ல மனுஷி, மறைக்கவும் மாட்டார், அடிக்குறிப்பு போடுவார். அந்த அடிக்குறிப்பை எவனாவது தூக்கிக்கொண்டு வந்து, அடிப்படையே தப்பான தீர்ப்பு இது, இதை எப்படி ஏற்பது என்பான். போன மாதத்துப் பெண்ணுக்குக் கிடைத்தாகிவிட்டது. அடுத்த மாதத்துப் பெண்? அவளும் எங்கோ ஒரு பந்தியில் உட்கார்ந்து தன் வயிற்றை யாரோ பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுதாவிட்டால்? ஒப்பிட்டவர் என்று போடுகிற கையெழுத்துக்கு என்ன மரியாதை. முன்னே தெரியாமல் சொன்னது தப்பில்லை, இப்போது தெரிந்தும் அப்படியே விட்டால் தப்பு. தப்பா? பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள். கசந்தது.

சரி, மிச்சத்தையும் பார்த்துவிடுவோம் என்று பத்தாம் பத்தியைக் கடந்தாள். பதினோராம் பத்தி. நான்காம் எதிர்மனுதாரர், இறந்துபோன கணவரின் தாயார், கரு தன் மகனின் ஒரே வாரிசு என்றும் அதைத் தானே வளர்ப்பதாகவும் கூறி மனுவை எதிர்த்துள்ளார். ஆயினும் மேற்படி தேதி குறித்து இந்நீதிமன்றம் அவரை நேரில் வினவியபோது, அது சரி என்று கூறினார். ஆகவே தேதி இருதரப்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகிறது. இதைத் தாண்டியும் பென்சில் இரண்டு வரி போய்விட்டது. அப்புறம் நின்றது. சுப்புத்தாய் அத்தை. அத்தைக்கு எப்படி அது சரி? முளைப்பாரியன்று காலையில் வாசலில் நின்று, "ஏத்தா, இன்னைக்குப் பாத்தா ஒனக்கு இப்படி ஆகணும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டது அத்தை. இவளுக்குப் பதிலாக அந்த மூட்டுவலியோடு முளைப்பாரிச் சட்டியைத் தலையில் வைத்துக் கோயிலிலிருந்து கண்மாய்வரை நடந்தது அத்தை. நாலாம் நாள் சீயக்காயை எடுத்துக் கையில் கொடுத்ததும் அத்தைதான். உலகத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமையை மறக்கவே முடியாத ஒரே ஆள். தேதி எண்ணத் தெரியாமல் சொல்லியிருப்பாளோ? படிப்பு கிடையாது, கைநாட்டு. ஆனால் ஊரில் யார் வீட்டுப் பிள்ளை எந்த அமாவாசைக்கு எத்தனையாம் நாள் பிறந்தது என்று கேட்க அத்தையிடம்தான் வருவார்கள். அப்புறம் அந்தக் கோர்ட்டுத் தாழ்வாரம். வழக்கு கூப்பிடுவதற்கு முன் அத்தையின் வக்கீல் தூணோரம் நின்று சொன்னது இவள் காதிலும் விழுந்ததே. "இருபத்து நாலு தாண்டிட்டாப் போதும்மா, கேஸ் நம்ம பக்கம். நீங்க சொல்ற நாள் கொஞ்சம் முன்னப் போனாப் போதும். ஜட்ஜ் கேப்பாரு, யோசிச்சுச் சொல்லுங்க." அத்தை மஞ்சள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலையாட்டினாள். உள்ளே போனார்கள். நீதிபதி தமிழில் கேட்டார், "அம்மா, உங்க மருமக வெள்ளிக்கிழமைன்னு சொல்றாங்க. ஒரே வீட்டுல இருந்தீங்க. சரியா?" இவள் தலை நிமிரவில்லை, தரையில் ஒரு எறும்பு பிஸ்கட் துணுக்கை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தாள். பிறகு அத்தையின் குரல். "சரிதாங்கய்யா."

ஐந்து வருஷம். ஐந்து வருஷமாக அந்த ஒற்றை வார்த்தைப் பதிலைக் களைத்துப்போன கிழவியின் பதில் என்று நினைத்திருந்தாள். வெளியே வந்தபோது அத்தை இவளைப் பார்க்காமல் விறுவிறுவென்று படியிறங்கிப் போனதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து, சீனிராஜின் அரசு வேலையைக் கருணை அடிப்படையில் இவளுக்குக் கொடுக்க அத்தையின் தடையில்லாச் சான்று வேண்டியிருந்தபோது, அத்தை பேசாமல் பெருவிரலை நீட்டியதை ஊர்ப் பெரியவர்கள் சொன்னதால் நீட்டியது என்று நினைத்தாள். தீபாவளிக்குப் போன் பண்ணி நல்லா இருக்கீங்களா என்று மூன்று வாக்கியம் பேசி, கடனைக் கழித்ததுபோல் வைத்துவிடுவாள். எவ்வளவு மடத்தனம். இருந்த ஒரே மகன் போய், அவன் மிச்சம் என்று நம்பியிருந்ததை ஒரு வார்த்தையில் தக்கவைத்துக்கொள்ள வழியிருந்து, அந்த வார்த்தை உண்மையாகவும் இருந்து, அதைச் சொல்லாமல் விட்டவள். இவள் ஜெயித்ததாக நினைத்த வழக்கு. அத்தை கையிலிருந்து வாங்கிக்கொண்டது. இப்படி ஒரு நன்றியைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மேசை போதாது, இந்த அலுவலகம் போதாது. மாலைக்காரப் பையன் இவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, இன்று பதிவாகாது போலிருக்கிறது என்று பயந்து, "மேடம், நாளைக்கு வரணுமா?" என்றான். "உக்காருங்க, இன்னைக்கே ஆகும்" என்றாள். ஆகுமா என்று அவளுக்கே தெரியாது. எழுந்து ரெக்கார்டு அறைக்குள் போய், பழைய பத்திர வால்யூம்களுக்கு நடுவே நின்றுகொண்டு போன் போட்டாள்.

"அத்தை, நான் வல்லி."

"தெரியுது. என்ன இந்நேரத்துல? ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" பின்னால் முறத்தில் உளுந்து புடைக்கிற சத்தம்.

"இல்ல அத்தை. ஆபீஸ்ல வேலை ஓடல. சும்மாதான்."

"சும்மா போன் போடுத ஆளா நீ."

"அத்தை, அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு நம்ம வீட்டு முளைப்பாரிய யாரு தூக்குனா?"

முறம் நின்றது.

"நாந்தான். காலு ரெண்டும் விட்டுப்போச்சு அன்னைக்கு. ஒனக்குத்தான் ஆகாமப் போச்சே."

"அது என்ன கிழமை?"

"நம்ம ஊர்ல என்னைக்கு முளைப்பாரிய வெள்ளிக்கிழமை தூக்கிருக்கு? செவ்வாக்கிழமை."

ஒரு கோழி கொக்கரித்துவிட்டுப் போனது.

"அப்போ கோர்ட்டுல..."

"கோர்ட்டுல கேட்டதுக்குக் கோர்ட்டுல பதில் சொல்லியாச்சு. அத எதுக்கு இப்பக் கிளறுத." பிறகு குரல் தணிந்தது. "நீ அந்த நாக்காலியில உக்காந்திருந்தியே தாயி. நுனியில. எங்கிட்ட அடி வாங்கப்போற பிள்ளை கணக்கா. அதப் பாத்துட்டு நான் என்னத்தச் சொல்ல."

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் அத்தை பயந்துவிடுவாள், யாருக்கு என்ன ஆச்சு என்று. "ஞாயித்துக்கிழமை வாரேன் அத்தை" என்றாள்.

"வா. வரும்போது முட்டிக்குத் தேய்க்கத் தைலம் வாங்கிட்டு வா. சாப்புட்டியா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல சாப்புடு" என்று போன் வைக்கப்பட்டது.

மேசைக்குத் திரும்பி வந்து தாள்களை நேராக அடுக்கினாள். ஒன்பதாம் பத்தியை இன்னொரு முறை படித்தாள், வெள்ளிக்கிழமை வரை விரல் வைத்துக்கொண்டு. அந்தத் தேதியைப் பற்றித் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி ஏற்கெனவே சொல்லிவிட்டாள், சத்தியம் செய்துகொண்டு, ஐயா முன்னால், தன் மகனைக் கொடுத்து. இவள் யார் அதைத் திருத்த. டிக் போட்டாள். அழுத்திப் போட்டதில் பென்சில் முனை உடைந்தது, சீவிக்கொண்டாள். பதினோராம் பத்திக்கும் டிக். ஜூனியர் பெண் வந்து கேட்டால் கொடுப்பதற்கு எல்லாம் தயார், இணக்கம் உட்பட. வெளியே கேபிள்காரர்கள் கைதட்டினார்கள், கணினித் திரையில் ஏதோ பச்சையாக ஓடியது, காஜா அண்ணன், "வந்துட்டு வந்துட்டு, ஜோடியக் கூப்பிடுங்க" என்றார். மாலைகள் எழுந்தன. வல்லி கடைசித் தாளின் அடியில் பழக்க தோஷத்தில் ஒப்பிட்டவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் பார்த்தாள், பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும், ஒற்றைக் கையெழுத்தோடு எதுவும் வெளியே போகாது. காஜா அண்ணனைக் கூப்பிடப் போய், வேண்டாம் என்று விட்டுவிட்டு, படித்தவர் என்று தானே எழுதி, அதற்கு எதிரே, எழுத்துக் கூட்டவும் தெரியாத அத்தையின் பெயரை முழுதாக எழுதினாள்.